ஐந்தாம் பாடம், இரண்டாம் வரி

2025 ஜூன் 16, திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். நெய்யாற்றின்கரையில் விடியற்காலை தொடங்கிய மழை இன்னும் விட்டபாடில்லை. வக்கீல் ஷியாமளாவின் அலுவலகத்தில் ஒன்பது வயது சிஜி கடைக்காரியாக நடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் வாடிக்கையாளராக அவளுடைய அப்பா ஜெயசிங்.

“லப்தியென்,” என்று வணங்கினார் ஜெயசிங்.

“லப்தியென். ரொட்டி வேணுமா, பால் வேணுமா?”

“பாதியில தமிழுக்குச் சாடப்பிடாது மக்கா. ரீகாவில கடக்காரிக்குத் தமிழ் தெரியாதாக்கும்.”

“அப்ப அவ பனச்சமூட்டுச் சந்தைக்கு வந்தா நல்லா கஷ்டப்படுவா.”

சிஜியின் அம்மா லிஷா நர்ஸ் வேலைக்கென்று லாத்வியாவின் ரீகா நகரத்துக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சிஜியும் அங்கே போய்ச் சேர நீதிபதி கையெழுத்திட்ட ஓர் உத்தரவு வேண்டும். அது இன்று கிடைத்துவிட்டால் வியாழக்கிழமை விமானம். கூட்டிப் போக அம்மாவே வருகிறாள். சிஜிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெட்டியை அவளே அடுக்கி முடித்துவிட்டாள். “ஒங்களுக்க லுங்கியயும் வச்சிரட்டா அப்பா?” என்று நேற்றுக் கேட்டதற்கு, “அத நான் பாத்துக்கிடுதேன்” என்று மட்டும் அவர் சொல்லியிருந்தார்.

மடியில் இருந்த பதினாறு பக்க லாத்விய மொழிப் புத்தகம் ஜெயசிங் தம் கையால் தட்டெழுதித் தைத்தது. பாறசாலை அச்சகம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துபவர் அவர். அங்கே அச்சாகும் திருச்சபை மாத இதழில் ஓர் ஒற்று விடுபட்டுப் போனால்கூட அன்று அவருக்குச் சோறு இறங்காது.

“அடுத்தது. குளிருது?”

“மன் இர் அவுக்ஸ்தி.”

“வயிறு வலிக்குது?”

“மன் ஸாப் வேதெர்ஸ்.”

“எனக்குப் புரியல்ல?”

“எஸ் நெஸப்ருவோது. இத எத்தன மட்டம் கேப்பிய?”

“நூறு மட்டம். பள்ளிக்கூடத்தில மொத நாளே வேண்டி வரும்.”

சிஜி சலிப்போடு தாள்களைப் புரட்டினாள். ஐந்தாம் பாடம்: வீட்டாரை அறிமுகம் செய்தல். முதல் வரி, ‘இவர் என் அம்மா’. இரண்டாம் வரி மட்டும், ஓர் எழுத்தும் தெரியாதபடி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

“இது என்ன அப்பா?”

“அச்சுப்பிழ.”

“நீங்க பாத்த புஸ்தகத்திலயா?” சிஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அம்மை வரட்டும், சொல்லிக் குடுக்கேன்.”

“பிழ வரும் மக்கா. நான் பாத்ததிலயும் வரும்.”

வாசலில் குடையை உதறிவிட்டு ஷியாமளா உள்ளே வந்தார். “கிட்டிப்போச்சு ஜெயசிங். இப்பதான் ஜட்ஜி கையொப்பம் போட்டு உத்தரவு வெளிய வந்தது. ஒருக்கா வாசிச்சுப் பாக்குதியளா?”

“வேண்டாம் மேடம். பிழ இருக்காது.”

வக்கீல் நீட்டிய தாளை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே மகளிடம் கொடுத்தார். “ஒனக்குள்ளதாக்கும். பத்திரமா வச்சுக்க.”

சிஜி துள்ளி எழுந்தாள். மலையாளத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். மேலே ‘கஸ்டடி’ என்று அவளுக்குப் புரியாத ஒரு சொல்லும் அம்மாவின் பெயரும், அதை ஒட்டி அவளுடைய பெயரும் இருந்தன. அப்பாவின் பெயர் அந்தப் பக்கத்தின் அடியில், ‘சம்மதம்’ என்ற சொல்லுக்குக் கீழே, அவருடைய பிசிறில்லாத கையெழுத்தில் இருந்தது.

“எங்க ரெண்டு பேருக்க பேரும் மேல உண்டு. நீங்க மட்டும் என்னத்துக்கு அப்பா கீழ போனிய?”

ஷியாமளா சன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்க்கத் தொடங்கினார். ஜெயசிங் புத்தகத்தை வாங்கி, ஐந்தாம் பாடத்தை விரித்து, சிவப்பு மையின்மேல் விரலை வைத்தார்.

“இது ‘இவர் என் அப்பா’ண்ணாக்கும், மக்கா. ஒனக்கு அங்க வேண்டி வராது.”