பின் இருக்கை

அவள் மிதிக்கவில்லை. டிரைவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

"மிதிக்கிறியா, வேடிக்கை பாத்துட்டு வர்றியா?" என்று திரும்பாமலே கத்தினார்.

"மிதிச்சுட்டுத்தாங்க இருக்கேன்" என்றாள் பின்னால் இருந்த மனைவி. அது அவர் காதில் விழவில்லை.

சைக்கிள் ஒன்று, இருக்கை இரண்டு. ஹாண்டில்பார், பிரேக், கியர் எல்லாம் அவர் கையில். அவளுக்கு இரண்டு பெடலும், பார்த்துக்கொண்டே வர அவர் முதுகும்தான்.

முன் பெடலையும் பின் பெடலையும் ஒரு சங்கிலி இணைத்திருந்தது, பின் பெடலிலிருந்து சக்கரத்துக்கு இன்னொன்று. ஒருவர் மிதித்தால் அடுத்தவர் காலும் கூடவே சுற்றும். அதனால் பின்னால் இருப்பவர் மெய்யாகவே மிதிக்கிறாரா, சும்மா காலை வைத்துக்கொண்டு சவாரி வருகிறாரா என்று முன்னால் இருப்பவர் கண்டுபிடிக்கவே முடியாது. டிரைவர் மட்டும் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேலைக்குப் போகிறவர்களுக்கான போட்டி. எட்டு ஞாயிற்றுக்கிழமை, எட்டுச் சுற்று. ஏழு முடிந்திருந்தது, ஏழிலும் இவர்கள்தான் கடைசி. அது போகட்டும், எட்டையும் முடித்தாலே முடித்தவர்கள் பலகையில் பெயர் வரும். ஆனால் பின்னால் ஊர்ந்து வரும் வேன் ஒரு தடவை முந்திவிட்டால் அவ்வளவுதான், முடித்த ஏழும் வீண். பின்தங்கியவர்களை வாரிக்கொண்டு போகும் அந்த வேனுக்கு எல்லோரும் வைத்த பெயர் துடைப்பம்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். போன வருடம் காது மந்தம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்க, ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டயர் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றையிலிருந்து சரியான சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, வீட்டில் பேச்சும் இல்லை. "எட்டையும் முடிச்சுட்டு வந்து காட்டுறேன்டா" என்று டிப்போவில் சொல்லி வைத்திருந்தார். இதுவும் கைவிட்டுப் போனால் நாளைக் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

ஓட்டும்போது அவரிடம் பேச அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கண்டக்டர் விசில் மாதிரிதான். முதுகில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போகலாம்.

கடைசி ஏற்றம் வந்தது. உச்சியில் முடிவுக்கோட்டுத் தோரணம் தெரிந்தது. துடைப்பம் ஹாரன் அடித்தது, அவர் காதுக்கே கேட்கும் அளவுக்கு நெருக்கத்தில்.

கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. முழங்காலுக்குக் கீழே இருப்பது தன் கால்தானா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், நடுரோட்டில், டிரைவருக்கு அழுகை வந்துவிட்டது.

இருப்பதிலேயே சின்ன கியருக்குத் தட்டினார். சைக்கிள் ஒரு குலுக்குக் குலுக்கியது. அப்பாடா, கால் இலேசாகிவிட்டது.

முதுகில் ஒரு தட்டு.

நிறுத்தச் சொல்கிறாள். இத்தனை தூரம் சும்மா உட்கார்ந்து வந்துவிட்டு, இங்கே வந்து நிறுத்தச் சொல்கிறாள்.

"மாட்டேன். செத்தாலும் நிறுத்த மாட்டேன்" என்று கத்தினார். குரல் உடைந்தது. "இதை விட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்லடி."

பின்னால் வேன் ஒரு நொடி தயங்கி நின்றுவிட்டுக் கிளம்பியது.

அப்புறம் முதுகில் இரண்டு தட்டு.

டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். கால்கள் கிறுகிறுவென்று சுற்றின, சைக்கிள் மட்டும் அங்குலம் அங்குலமாக ஏறியது. முதுகில் அவள் மூச்சு அனலாக அடித்தது. சும்மா உட்கார்ந்து வர்றதுக்கே இவ்வளவு மூச்சு வாங்குதா என்று எரிச்சலாக வந்தது.

கோட்டைத் தாண்டும்போது வேனின் மூக்கு அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கொடி பிடித்தவர் பச்சைக் கொடியை ஆட்டினார். எட்டும் முடிந்தது.

அவள் இருக்கையிலிருந்து அப்படியே சரிந்து தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். அவளுடைய தொடைகள் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன. டிரைவர் நிமிர்ந்து நின்றார். ஒரு வருடத்துக்கு அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"பாத்தியா? கடைசி ஏத்தத்தை ஒத்தை ஆளா ஏத்திட்டேன். உன்னையும் சேத்து இழுத்துட்டு."

அவள் படுத்தபடியே அவர் சிரிப்பையே பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

வேன் டிரைவர் இறங்கி வந்தார். கையில் எண்ணெய் சொட்ட எதையோ கந்தல் துணியில் பிடித்திருந்தார். டிரைவரின் காதுக்குப் பக்கத்தில் வந்து, உரக்கச் சொன்னார்:

"அண்ணே, உங்க முன் பெடல் சங்கிலி. ஏத்தம் ஆரம்பத்துலயே அறுந்து விழுந்துருச்சு."