அட்டை வீடுகள்

வலது கட்டைவிரல் வீங்கி விண்விண்ணென்று தெறித்தது. அந்தக் கையாலேயே மகள் செய்த அட்டை வீட்டைத் தூக்கி டீச்சரின் மேசையில் வைத்தாள் தாய்.

"இதுக்கு ஏன் டீச்சர் மூணே மார்க்கு?"

"சுவரு கோணல், பசை வழியுது. இப்பல்லாம் பரீட்சை கிடையாதும்மா, செய்முறைக்குத்தான் மார்க். பிள்ளைங்க சொந்தமா செஞ்சு கத்துக்கணும்."

"எம்பொண்ணு சொந்தமாத்தான் செஞ்சா. நான் தொடக்கூட இல்ல."

"செஞ்சா போதுமா? அங்க பாருங்க."

அலமாரியில் வரிசையாக அட்டை வீடுகள். எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து.

"அந்த மாடி வீடு என்ன சுத்தமான வேலை! அதுவும் பிள்ளைங்க செஞ்சதுதானே? உங்க பொண்ணுக்கு அக்கறை போதாது."

தாய் வீங்கிய கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள்.

"அந்த மாடிக்குப் படி வெட்டுறப்பதான் டீச்சர் என் விரலு வீங்குச்சு."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"பேனா, பென்சில் கடையில ஆர்டர் வாங்கி இதெல்லாம் செஞ்சு குடுக்கிறது நான்தான். அலமாரியில இருக்கிற அத்தனையும் என் கைவேலை. எம்பொண்ணாவது தானா செய்யட்டும்னு விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! எனக்குப் போட்ட பத்தையெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. அவளுக்குச் சேர வேண்டியதைக் குடுங்க."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மகளுக்கு வரவேண்டிய ஏழு மார்க் இன்னும் பாக்கி.