நடுச்சுவர் ஜன்னல்

ஒரு கண்ணின் விழித்திரையில் கூம்பி என்றொரு செல் குடியிருந்தாள். இடப்பக்கத்து வீட்டில் கோலப்பன் அண்ணன், வலப்பக்கத்து வீட்டில் பவளம் அக்கா. இரண்டு நடுச்சுவரிலும் ஒவ்வொரு குட்டி ஜன்னல். சர்க்கரை, உப்பு, ஊர்வம்பு எல்லாம் அது வழியாகத்தான் போகும், வரும்.

ஒருநாள் கோலப்பன் நோயில் விழுந்தார். “கொஞ்சம் சர்க்கரை இருந்தா குடும்மா” என்று அவர் நீட்டிய கிண்ணத்தோடு நஞ்சும் கசிந்து வந்தது.

கூம்பிக்குப் பகீரென்றது. “தப்பா நினைச்சுக்காதீங்க அண்ணே” என்று ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். சூட்டோடு சூடாகப் பவளத்திடம் ஓடி, “என் வீடு வரைக்கும் நஞ்சு வந்துடுச்சுக்கா!” என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

சாயங்காலம் அந்த நஞ்சு அவளையும் நோயில் தள்ளியது. “அக்கா, துளி சர்க்கரை!” என்று வலப்பக்கம் திரும்பினாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: “தப்பா நினைச்சுக்காதே, கூம்பி.”