இடைவேளையில் அணி மாறியவள்

கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் என் கைப்பேசி சிணுங்கியது. எதிரணி இசக்கியம்மாளின் வளர்ச்சிக்கு இனி எங்கள் கல்லூரிதான் நல்லது என்று, யார் எந்தக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இயந்திரமான கணிப்பான் முடிவு செய்திருந்தது. அது சொன்னால் சொன்னதுதான். இரண்டே நிமிடத்தில் அவள் எங்கள் பச்சை ஜெர்சியோடு என் முன்னால் நின்றாள்.

முதல் பாதியில் எங்களுக்கு எதிராகப் பதினெட்டுப் புள்ளி எடுத்தவள். பயிற்சியாளரான எனக்கு வாயெல்லாம் பல். இரண்டாம் பாதியில் எங்களுக்காக வெளுத்துக்கட்டினாள்.

கடைசி ஐந்து நொடி. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். எங்கள் கூடைக்கு அடியில் இசக்கி பந்தைப் பிடித்தாள். சும்மா வைத்துக்கொண்டு நின்றாலே கோப்பை எங்களுக்கு. அவளோ திரும்பிக்கூடப் பார்க்காமல் வலது பக்கம் வீசினாள். அங்கே நின்றது அவளுடைய பழைய அணித் தோழி பெனிட்டா. பிடித்தாள், போட்டாள். அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

"என்னட்டி இப்படிப் பண்ணிட்ட?"

"கை தானா போயிட்டு மேடம்" என்று இசக்கி அழுதாள். "மூணு வருசமா அவ அந்த எடத்துலதான நிப்பா."

இன்னும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அதற்குள் கைப்பேசி மறுபடியும் சிணுங்கியது.

'இருவரும் சேர்ந்து ஆடினால்தான் வளர்வார்கள். பெனிட்டாவும் நாளை முதல் உங்கள் கல்லூரி.'

எதிரே, கோப்பையும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்த அவர்களுடைய பயிற்சியாளர் ஞானதுரையும் தன் கைப்பேசியைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

நான் கையைத் தூக்கி ஆட்டினேன்.

"கோப்பைய நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி!"