லை லை லா

அஸர் நேரத்து மாலை வெயில் கல்யாணப் பந்தலுக்குள் சாய்ந்து விழுகிறது. திருமணப் பதிவான காவினை எழுத லெப்பை இன்னும் வரவில்லை. பொழுது போகட்டுமென்று மாப்பிள்ளையின் கூட்டாளி ஜுனைதீன் நாலு தந்திக் குட்டி யுகுலேலியோடு எழும்புகிறான். "நானே கட்டின பாட்டு. அறுபது வருசத்துக்கு முந்தின ஜாஸ் இசைத்தட்டுப் பாணி. இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் பாடிக் காட்டல்ல." விரல்கள் துள்ள, மருதமுனைத் தறியின் சடக் சடக் அதில் கேட்கிறது. மாப்பிள்ளையின் பாதமும் தாளம் போடுகிறது. முதலடி முடிந்ததும் "லை லை லா, லைலா" என்று வாயாலேயே ஊதுகுழல் வாசிக்கிறான். பாதம் நின்றுவிடுகிறது. மணப்பெண்ணின் பெயர் சித்தி லைலா. அவளுடைய வாப்பா ஆதம்பாவா வெற்றிலை வட்டாவும் கையுமாக எழும்புகிறார். "எண்ட மகள்ர பேரு உண்ட பாட்டுக்குள்ள என்னடா செய்யுது?" "அல்லாஹ்வே, அது பேரில்ல மாமா! அந்தப் பாட்டுகள்ல வாற வெறும் சத்தம்." யாரோ சிரிக்கிறார்கள். ஆதம்பாவாவும் மூச்சு விட்டுக்கொண்டு உட்காருகிறார். "சரி, மிச்சத்தையும் பாடு." ஜுனைதீன் தந்தியை மீட்டத் தொடங்குகிறான். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து, அவன் இன்னும் பாடாத இரண்டாம் அடியை ஒரு குரல் தன்னை மறந்து முணுமுணுக்கிறது. அது யாருடைய குரலென்று ஆதம்பாவாவுக்குத் தெரியும். வட்டா கவிழ்கிறது.