போண்டா சந்தோஷமாக இருந்த இடம்

செத்துப்போன நாயின் நினைவுகளை, அது கண்ணால் கண்டபடியே சுவரில் ஓட்டிக் காட்டும் பெட்டியை, அழுதழுது வாங்க வைத்தவர் நாச்சிமுத்துதான். போண்டா போனதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அவன் ரொம்பச் சந்தோசமா இருந்த நேரத்தைப் போடு கண்ணு," என்றார் மகள் கவின்மலரிடம்.

தன்னோடு பந்து விளையாடியதுதான் வரும் என்றாள் அவள். தன் கறிச்சோறுதான் என்று அடித்துச் சொன்னாள் மனைவி சாந்தாமணி.

வந்தது மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாச்சிமுத்து குத்தவைத்து உட்கார்ந்து, டாக்டர் தொடவே கூடாதென்ற மைசூர்பாவைப் பிட்டுத் தனக்கொரு வாய், நாய்க்கொரு வாய் என்று ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாதடா," என்றது சுவர்.

நாச்சிமுத்துவுக்கு வியர்த்தது. நாய் பேசாது என்ற தைரியத்தில் செய்த காரியம் அது.

சாந்தாமணி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படம் ஏன் கண்ணு இந்த ஆட்டம் ஆடுது? பொட்டி கெட்டுப்போச்சா?"

"இல்லீங்கம்மா. போண்டா வாலாட்டறான்."

சாந்தாமணி மூக்கை உறிஞ்சினாள்.

"இந்த மனுசனை அப்புறம் பாத்துக்கறேன். நீ மறுக்காப் போடு."