எட்டுத் தடங்கள்

பேராச்சி மிதித்த இடத்தில் புல் எழவில்லை.

தாகமில்லாத புல், காலை எடுத்ததும் துள்ளி எழுந்துவிடும். தடம் அப்படியே பதிந்து கிடந்தால் புல் வாடுகிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் கருகிவிடும்.

அறுபத்தாறாம் வருஷம், மே மாதம், உச்சிவேளை. செம்பூர் கோல்ப் மைதானத்தில் நான் மாலி, தோட்டக்காரன். குழியும் கொடியும் இருக்கிற, ஒட்ட வெட்டிய புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். ஏழாம் கிரீன் என் பொறுப்பு.

மறுநாள் கோப்பைக்கான ஆட்டம். போன கோடையில் ஒரு கிரீன் கருகியதற்காக, அதைப் பார்த்துக்கொண்ட மாலி கணேசபாண்டியனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த மாதம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. இரும்பு முள்ளால் குத்திக் குத்தி மண்ணுக்குக் காற்று விட்டேன். சலித்த மணலைத் தூவி, துளைகளுக்குள் விளக்குமாறால் தள்ளினேன். களை பிடுங்க என் பெண்டாட்டி பேராச்சியையே தினக்கூலிக்குச் சேர்த்துவிட்டேன்.

காலையிலிருந்து குனிந்து கோரை பிடுங்கியவள், இப்போது நிமிர்ந்து கொடியடியிலிருந்து ஓரத்துப் புதரைப் பார்த்து நடந்தாள். எட்டு அடி. ஒவ்வொரு தடமும் நீளமாக இழுபட்டிருந்தது.

“ஏட்டி, கால இழுக்காத! புல்லு சாவுதுல்லா, தெரியலையா ஒனக்கு?”

அவள் திரும்பினாள். வாய் எதையோ சொல்ல அசைந்தது. அந்த வெயிலிலும் முகத்தில் பொட்டு வேர்வை இல்லை. நான் இங்கே வெந்து சாகிறேன், இவள் வேலையை ஏய்த்திருக்கிறாள் என்று எரிச்சல்தான் வந்தது.

நின்று கேட்க நேரமில்லை. பைப்பு எடுக்க ஓடினேன்.

வாடிய புல்லில் தண்ணீரைக் கொட்டக் கூடாது. வேர் வெந்துவிடும். பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, தூறலாக்கி, கொடியடியிலிருந்து மெல்லத் தெளித்துக்கொண்டே வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் முதல் தடம் எழுந்தது. அப்புறம் இரண்டாவது.

ஐந்தாவது எழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் முதலில் அழுதது புல்லுக்காக.

எட்டாவதும் எழுந்தபோது புதரோரம் வந்திருந்தேன். பேராச்சி முந்தானையால் தலையை மூடி, முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள். வேலை தப்பித்த சந்தோஷத்தில், விளையாட்டாகத் தூறலை அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் அசையவில்லை.

தோளைத் தொட்டேன். அடுப்புக்கல்லாகக் கொதித்தது. தொட்ட பக்கமே சாய்ந்தாள்.

தாராவியில் அன்று காலை எங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவள் ஒரு வாய் குடிக்காமல்தான் என்னோடு நடந்து வந்தாள். இது எனக்கு ஞாபகம் வந்தது ஆஸ்பத்திரி வாசலில், எல்லாம் முடிந்த பிறகு.

ஆட்டம் மறுநாள் தடையில்லாமல் நடந்ததாம்.

காரியங்களை முடித்து நாலாம் நாள் வேலைக்குப் போனேன். ஏழாம் கிரீன் பச்சைப்பசேலென்று இருந்தது. கொடியடியிலிருந்து புதர்வரைக்கும் குனிந்து குனிந்து தேடினேன்.

அவள் கடைசியாக நடந்த எட்டு அடி. ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் நானே எழுப்பி அழித்திருந்தேன்.